மூணு அங்குலம் இத்ததுக்கு முழு ஜன்னலையும் மாத்தணுமா?

போன வாரம் உரம் வாங்க ஒத்தக்கடை போயிருந்தேன். வழியில ஒரு வீட்டு வாசல்ல பழைய ஜன்னல் கதவுகளை அடுக்கி வச்சிருந்தாய்ங்க. விறகுக்குப் போகுதாம். ஒண்ணை எடுத்துத் தட்டிப் பார்த்தேன், கணீர்னு சத்தம். நல்ல வைரம் பாய்ஞ்ச வேம்பு. கீழ்ச்சட்டத்துல மட்டும் மூணு அங்குலம் இத்துப் போயிருக்கு. அதுக்காக மொத்தத்தையும் அடுப்புக்கு அனுப்புறாய்ங்க. வயிறு எரிஞ்சுருச்சு மக்களே.

எங்க வீட்லயும் இந்தக் கூத்து நடக்க இருந்துச்சு. மூணு ஜன்னல்ல கதவு பழுது. மகன் யாரையோ கூட்டியாந்துட்டான். வந்த தம்பி கதவைத் தொட்டுக்கூடப் பார்க்கல, டேப்பைப் போட்டு அளந்துட்டு, "மரமெல்லாம் இனி வேஸ்ட்டுண்ணே, யுபிவிசி போட்ருங்க, ஆயுசுக்கும் கவலை இல்லை"ன்னான். மூணுக்கும் சேர்த்து நாப்பதாயிரம். ஒரு போகத்துல எனக்குக் கையில நிக்கிற காசு எவ்வளவுன்னு அவனுக்கு எங்க தெரியப் போகுது?

அந்த வேம்பு எங்க வரப்புல நின்ன மரம். வெட்டி, அறுத்து, ஒரு வருஷம் நிழல்ல அடுக்கிக் காயவச்சு அப்பா செஞ்ச கதவு. சரி, அந்தப் பாசத்தை விடுங்க, கணக்கையே பேசுவோம். நம்ம பழைய ஜன்னலுக்கு மேல ரெண்டு, கீழ ரெண்டுன்னு நாலு கதவு. கீழ சாத்திட்டு மேல திறந்தா தெருவுல போறவன் கண்ணு உள்ள விழாது, காத்து மட்டும் வரும். நாலையும் திறந்தா முழு ஜன்னலும் காத்து. இழுத்து மூடுற ரெண்டு கதவு ஜன்னல்ல எப்பத் திறந்தாலும் பாதிதான், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும்ல. யானைமலைப் பாறை பகல்லாம் குடிச்ச வெயிலை ராத்திரி கக்குற ஊர்ல பாதி ஜன்னலை அடைச்சுட்டு, அப்புறம் ஏசி வாங்க லோன் போடுறோம்.

யுபிவிசியைக் கரையான் அரிக்காது, மழைக்கு ஊதாது. கொசுவலையும் அதுலயே வந்துரும். இல்லைங்கல. ஆனா பங்காளி வீட்ல அடிச்சக்கரம் ஒண்ணு உடைஞ்சு ஆறு மாசமாச்சு. அந்த மாடல் இப்ப வர்றதில்லையாம். கதவு பாதி வழியில நிக்குது. மரக்கதவுன்னா ஒரு உளியும் இழைப்புளியும் போதும்.

மரம் ஏன் இத்துப்போகுது? தப்பு நம்ம மேலதான். பெயிண்ட் அடிக்கிறப்ப முன்னாடி பின்னாடி பளபளன்னு அடிப்போம். கதவோட அடி விளிம்பு? கண்ணுக்குத் தெரியாதுல்ல, விட்ருவோம். மழைத்தண்ணி வழிஞ்சு வந்து அங்கதான் நிக்கும், அங்கதான் மரம் உறிஞ்சும். அடுத்தது ஐப்பசியில கதவு பிடிக்குதுன்னு இழைக்கிறது. ஈரம் குடிச்ச மரம் அகலத்துல ஊதத்தான் செய்யும். அப்ப இழைச்சா பங்குனியில விரல் நுழையிற சந்து விழும். உடனே "மரம் சரியில்லை"ம்பான். மரமா சரியில்லை?

ஆவணியில ஆசாரியைக் கூப்பிட்டேன். இத்த இடத்தைச் சாய்வா அறுத்து எடுத்தாரு. அதே சாய்வுல காஞ்ச வேப்பங்கட்டையைச் செதுக்கி, பசை போட்டு, மரமுளை அடிச்சு இறுக்கிட்டாரு. நேரா வெட்டி ஒட்டினா பிடிமானம் பத்தாதாம். கீல் ஆடுற இடத்துல ஆணி ஓட்டை பெருசாயிருந்துச்சு. மூங்கில் சிம்பைப் பசையில முக்கி ஓட்டைக்குள்ள அடிச்சு, அதுலயே திருகாணியை ஏத்துனாரு. துருப்பிடிச்ச இரும்பாணியைத் தூக்கிப் போட்டுட்டு பித்தளை. கடைசியா அடி விளிம்புக்கு ரெண்டு கை பெயிண்ட். ரெண்டு ஜன்னலுக்கு ரெண்டு நாள் கூலி, சாமானோட நாலாயிரத்துச் சொச்சம். மடைப்பலகை இத்தா பலகையை மாத்துவோம், கண்மாயையா மாத்துவோம்?

அந்த ஆசாரிக்கு மாசத்துல பாதி நாள் வேலை இல்லை. 2023ல மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம்னு 18 தொழிலுக்குக் கொண்டு வந்தாங்க. அதுல தச்சரும் உண்டு, கருவி வாங்க 15,000 ரூபாய். குலத்தொழிலுக்கே திருப்பி அனுப்புற வேலைன்னு சொல்லி, நம்ம மாநிலம் கலைஞர் கைவினைத் திட்டம்னு தனியாக் கொண்டு வந்துச்சு. அந்தச் சண்டை கிடக்கட்டும். இவங்க உளி குடுத்தா என்ன, அவங்க உளி குடுத்தா என்ன? வெட்ட மரத்தை நாமதான விறகுக்குப் போடுறோம். அவர் மகன் மாட்டுத்தாவணிப் பக்கம் கூரியர் எடுத்துட்டுத் திரியுறான். இழைப்புளியைப் பிடிக்கத் தெரியாது. அவனைக் குத்தம் சொல்ல நமக்கு வாய் இருக்கா?

மூணாவது ஜன்னல் பாக்கி. இது கார்த்திகை, மரத்துல ஈரம் இருக்கு, பசை பிடிக்காது, தை பிறக்கட்டும்னுட்டாரு ஆசாரி. அதுவரைக்கும் கயித்தைப் போட்டுக் கட்டி வச்சிருக்கேன். மகன் தினம் அதைப் பார்த்து மொறைக்கிறான்.