கீழிருந்து கேட்ட சத்தம்

பழைய வீடியோ கேம்களை எண்ணி உருகுவது நம்மிடையே நாகரிகமாகிவிட்டது. நானும் உருகியவன்தான், நியூஜெர்சியில் பத்து வயதில் 'டெசர்ட் ஸ்ட்ரைக்' ஆடியவன். வளைகுடாப் போர் முடிந்த மறு ஆண்டே, 1992-இல், இன்னொரு வளைகுடாவின் கரையில், கலிபோர்னியாவின் சான் மட்டேயோவில் இருந்த எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதை வெளியிட்டது.

சென்ற மாதம் மகனோடு மறுபடி ஆடினேன். அப்பாச்சி ஹெலிகாப்டரின் எரிபொருளுக்கும் குண்டுக்கும் கவசத்துக்கும் கணக்கு உண்டு. கீழே ஓடும் எறும்பளவு மனிதனுக்கு முகமே இல்லை.

அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் என் வயதுப் பிள்ளைகள் 'ஹெலி' சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடினார்கள். அவர்களில் ஒருத்தி இன்று என் மனைவி. அடுக்களையிலிருந்து அவள் சொன்னது ஒன்றுதான்: "சத்தத்தைக் குறையுங்கோ."

'வெறும் விளையாட்டுதானே' என்பவர்களே, ஆடுங்கள். ஆனால் அதை நம் எல்லோருடைய பால்யம் என்று எழுதாதீர்கள். மேலிருந்து பார்த்தவர்களின் பால்யம் அது.