படத்தைப் புகழுமுன் ஒரு கேள்வி

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அமீன்பூர் ஏரிக்கரைக்குப் போனால், கழுத்தில் காமிராவுடன் நம்மவர் நாலு பேராவது நிற்கக் காணலாம். ராமச்சந்திரபுரம் 'பெல்' தொழிற்சாலைக்காரர்களுக்கு அது கூப்பிடு தூரம். செகந்திராபாத்திலிருந்து பஸ் மாறி வருகிற ரயில்வே குமாஸ்தாக்களும் உண்டு. 2016-ல் அந்த ஏரி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. நகர்ப்புற நீர்நிலை ஒன்றுக்கு இந்தியாவிலேயே அந்தத் தகுதி கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஆறு நாள் பைல் கட்டோடு மாரடிக்கிற மனிதர் ஏழாம் நாள் பூநாரையைத் தேடிப் போகிறார் என்றால் அதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது?

குறை ஏரிக்கரையில் இல்லை. திங்கட்கிழமை மத்தியானம், டிபன் டப்பா திறக்கிற நேரத்தில் ஆரம்பமாகிறது. போன் கை மாறிக் கை போகும். "பேஷ்!", "பிரமாதம்!", "சூப்பர் சார்!" என்று ஆளுக்கொரு வார்த்தை. படத்தை யாரும் இரண்டு விநாடிக்கு மேல் பார்ப்பதில்லை. (எடுத்தவர் மேலதிகாரியாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மங்கலான மயிலும் மாமயில் ஆகிவிடும்.) இதற்கு நேர் எதிராக இன்னொரு ஜாதி உண்டு. படத்தைப் பார்க்குமுன், "என்ன லென்ஸ்?" என்பார். சொன்னதும் உதட்டைப் பிதுக்கி, "அதுதான்!" என்பார். நல்ல லென்ஸ் ஒன்றுக்குப் பல மாதச் சம்பளம் வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். இந்த இருவராலும் படம் எடுத்தவருக்குக் காலணா லாபமில்லை.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் ஆபீஸ் இளைஞர் ஒருவர் தேன்சிட்டுக் கூட்டின் படம் ஒன்றைக் கொண்டு வந்தார். தாய்க் குருவி குஞ்சின் வாயில் பூச்சியைத் திணிக்கிறது. குறுக்கே ஓர் இலைகூட இல்லை. பின்புறம் பட்டுத்துணி விரித்தாற்போல் இருந்தது. எல்லோரும் புகழ்ந்தோம். நான் ஒருபடி மேலே போய், "குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் இன்னொன்று எடுங்கள் தம்பி, ஜோடியாக மாட்டலாம்" என்று யோசனை வேறு சொல்லி வைத்தேன். மறு ஞாயிறு அவர் போனபோது கூடு கிழிந்து தொங்கியது. குஞ்சுகளைக் காணோம்.

விசாரித்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. குறுக்கே இலை இல்லாததற்குக் காரணம், அவர் இலைகளைக் கிள்ளி எறிந்திருந்தார். சிலந்தி நூலும் சருகும் வைத்துத் தேன்சிட்டு கட்டுகிற கூடு, ஏதோ குப்பை தொங்குவதுபோலக் கண்ணுக்குத் தப்புவதற்காகவே அப்படி இருக்கிறது. மறைத்த இலை போனால் வெயில் நேரே இறங்கும். காக்கைக்கும் வழி தெரிந்துவிடும். மனிதன் பக்கத்திலேயே நின்றால் தாய் இரை கொண்டுவரத் தயங்கும். இதில் எது நடந்ததோ, யார் கண்டது? 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதைக்கூட வேட்டை என்ற சொல்லுக்குள் அடக்கியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும், "இலையெல்லாம் எங்கே தம்பி?" என்று ஒரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் சொன்ன யோசனைதான் அவரை மறுபடியும் அங்கே அனுப்பியது.

அதிலிருந்து படத்தைக் காட்டுகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "எப்படிக் கிடைத்தது?" என்பதுதான். கூட்டமாகப் பறக்கும் பூநாரை படம் என்றால் கட்டாயம் கேட்பேன். பறவைகள் தாமாக எழும்பினவா, யாராவது கரையிலிருந்து கல் வீசினார்களா? வலசை வருகிற பறவை இங்கே இரை தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டுதான் திரும்பிப் போக வேண்டும். ஒரு காலைப் பொழுதில் பத்துத் தடவை எழுப்பிவிட்டால் அது தின்பது எப்போது? கல் வீசி எடுத்த படத்தைப் புகழ்கிறவன் அடுத்த கல்லையும் எடுத்துக் கொடுக்கிறான்.

ஹைதராபாத்தில் ஒரு காலத்தில் காட்டுப் படம் என்றால் செத்த புலியின் படம்தான். 1902-ல் கர்சன் துரையும் துரைசானியும் வேட்டையாடிய புலிக்குப் பக்கத்தில் நின்றதை ராஜா தீன்தயாளின் காமிரா பிடித்து வைத்திருக்கிறது. அன்றைக்கும் அதைப் பார்த்தவர்கள் பேஷ் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நம்மில் ஒருவரே வேறு வழி காட்டிப் போயிருக்கிறார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1950 முதல் 1996-ல் காலமாகும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' ஏட்டில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவர் எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். காமிராவையும் பல பாகங்களைத் தாமே இணைத்து ஒப்பேற்றிக்கொண்டார். அவர் படங்களில் நான் காண்பது அழகைவிட, அந்த மிருகம் அந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்ற சேதி. நண்பரின் படத்துக்கும் இதையே கேட்கலாமே. "இந்தக் கொக்கு என்ன செய்கிறது? மீனைப் பிடிக்குமுன் கழுத்தை மடக்குமே, அந்த நொடி கிடைத்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகம் மலர்வதை 'சூப்பர்' என்ற சொல்லால் வாங்க முடியாது.

பிறகு குறையைச் சொல்லலாம். அதையும் அடுத்த ஞாயிறு செய்யக்கூடிய வேலையாகச் சொல்ல வேண்டும். "நின்றபடி கீழே பார்த்து எடுத்திருக்கிறீர்கள். கரையில் உட்கார்ந்து பறவையின் கண்ணுக்கு நேராகக் காமிராவை வையுங்கள்" என்றால் அது செலவில்லாத வைத்தியம். பறவைகளை நன்றாக அறிந்தவர்களோடு ஒரு நாள் நடப்பது அதைவிட மேல். 1980-ல் ஆந்திரப் பிரதேசப் பறவை நோக்கர் சங்கமாகத் தொடங்கி, இன்று 'டெக்கான் பேர்டர்ஸ்' என்று வழங்கும் அமைப்பு இந்த ஊரிலேயே இருக்கிறது.

கேட்டுக்கொள்கிறவருக்கும் பொறுப்பு உண்டு. "சேற்றில் இரண்டு மணி நேரம் நின்றேன் சார்!" என்று சண்டைக்கு வருகிறவர்கள் அநேகம். சேறு படத்தில் தெரியாது ஐயா!

கூசாமல் சொல்கிற ஒரு குரலின் பலம் உலகப் போட்டியிலேயே தெரிந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2017-ல் ஒரு பிரிவில் பரிசு பெற்றது எறும்புதின்னி படம் ஒன்று. இரவு, ஒளிரும் கறையான் புற்று, அதை நோக்கி வரும் எறும்புதின்னி. பிரேசில் பூங்கா ஒன்றின் வாயிலில் இருந்த பாடம் செய்த பொம்மைபோலவே இது இருக்கிறதே என்று சிலர் எழுதிப் போட்டார்கள். நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2018-ல் பரிசு பறிபோயிற்று. எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். நடுவர்கள் ஏமாந்த இடத்தில் சாதாரணப் பார்வையாளரின் கண் ஏமாறவில்லை.

அந்தத் தேன்சிட்டு இளைஞர் இப்போது கூட்டுப் பக்கம் போவதில்லை. போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், கூடத்தில் நான் மாட்டி வைத்திருந்த என்னுடைய வெள்ளைக் கொக்குப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "சார், தப்பா நினைக்கக் கூடாது. கறுத்த தண்ணியைப் பார்த்துக் காமிரா வெளிச்சத்தைக் கூட்டிடுச்சு. இறகு ஒண்ணுகூடத் தெரியலை, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். இரண்டு வருஷமாக வந்தவர் போனவர் எல்லோரும் புகழ்ந்த படம் அது. காபியைக் குடித்துவிட்டு நானும் எழுந்துபோய்ப் பார்த்தேன். சுண்ணாம்புதான்.