கவுனியைத் திறவுங்கள்!

யானைக்கவுனி! கவுனி என்றால் கோட்டை வாயில். 18ஆம் நூற்றாண்டிலே கும்பெனியார் கறுப்பர் நகரைச் சுற்றி மதில் எழுப்பினர். எழுப்பிய செலவை மக்களிடமே வரியாகக் கறந்துவிடத் திட்டமும் தீட்டினர். வரி வந்து சேரவில்லை. மதிலும் பெரும்பகுதி இடிந்து மறைந்தது. வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மிஞ்சிற்று.

மதில் மறைந்தது என்றா சொன்னோம்? தவறு, தோழர்களே! கண்ணுக்குத் தெரிந்த மதில்தான் மறைந்தது. கண்ணுக்குத் தெரியாத மதிலொன்று இன்னும் நிற்கிறது, பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே! கும்பெனியால் வசூலிக்க முடியாமற்போன வரியை இந்த மதில் வசூலித்துக்கொண்டே இருக்கிறது. அதுவும் ஏழை வீட்டுப் பிள்ளையிடம்!

இந்த வட்டாரத்திலே மேல்நிலை வகுப்புக்குப் பாடம் சொல்பவர் நாம். நம் வகுப்பிலே ஒரு மாணவி. தந்தை லாரி ஷெட்டிலே மூட்டை தூக்குபவர். இரவு அவர் களைத்து வந்து படுத்த பிறகு, அவருடைய கைப்பேசியை வாங்கி, இணையவழியில் கல்லூரித் தரத்துக் கணினிப் பாடமொன்றைப் படித்தாள் அந்தப் பெண். வாரந்தோறும் பயிற்சிகளை முடித்தாள். தேர்வுக் கட்டணத்துக்குத் தாயின் சீட்டுப் பணம் கரைந்தது. தேறினாள், சான்றிதழும் வந்தது. மறு ஆண்டு கல்லூரியிலே சேர்ந்து அதை நீட்டினாள். "பள்ளிக்கூடத்தில் இருந்தபோது எழுதியதா? இங்கே செல்லாது" என்றனர். தேறிய அதே பாடத்துக்கு, மறுபடியும் ஒரு பருவம் முழுதும் உட்கார்ந்தாள்.

செல்லாக்காசா அது? ஒரு தொழிலாளியின் வீட்டுச் சீட்டுப் பணம் செல்லாதா? ஒரு பெண்ணின் தூக்கமிழந்த இரவுகள் செல்லாவா? கேட்கிறோம்!

பள்ளியிலே பயிலும்போதே கல்லூரிப் பாடம் ஒன்றிரண்டைக் கற்றுத் தேறி, அதைப் பட்டத்தின் கணக்கிலே வரவு வைப்பது. கிரெடிட் என்று கல்லூரிக்காரர் சொல்லும் அந்தப் புள்ளியைப் பள்ளிப் பருவத்திலேயே ஈட்டுவது. இதுதான் நாம் பேச வந்த பொருள். பேசத் தொடங்கியதுமே சிலர் புருவத்தை நெரிக்கின்றனர். "பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கல்லூரிப் பாடமா? பள்ளி பள்ளிதான், கல்லூரி கல்லூரிதான், எல்லை தாண்டலாமா?" என்கின்றனர்.

எல்லையாம் எல்லை! எந்தத் தேவன் வந்து கல் நட்டான்? இண்டர்மீடியட் என்ற பெயரில் ஈராண்டுப் படிப்பு ஒரு காலத்தில் கல்லூரியிலே இருந்தது. 1950களின் நடுவிலே அது போய், பி.யூ.சி. என்ற ஓராண்டுப் படிப்பு வந்தது. பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளைகள், பதினாறு வயதிலே கல்லூரிப் பெஞ்சிலே அமர்ந்தனர். வானம் இடிந்து விழவில்லை! 1978இலே மேல்நிலை வகுப்பு வந்தது. கல்லூரி வாயிலில் இருந்த படிப்பு பள்ளிக்கூடத்துக்கே இறங்கி வந்தது. இருமுறை நகர்ந்த எல்லைக் கல், மூன்றாம் முறை நகரக் கூடாது என்பது அறிவா, வைதீகமா? இன்றும் வகைநுண்கணிதத்தைப் பன்னிரண்டாம் வகுப்பிலே சொல்லித் தருகிறோம். கல்லூரியின் முதலாண்டிலே மீண்டும் அதைத் தொடங்குகின்றனர்.

வெளிநாட்டைப் பாருங்கள். அமெரிக்காவிலே 1950களின் நடுவிலிருந்து காலேஜ் போர்டு என்ற அமைப்பு ஒரு தேர்வை நடத்துகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர் அதிலே நல்ல மதிப்பெண் பெற்றால், பல கல்லூரிகள் அதைக் கிரெடிட்டாக ஏற்கின்றன. ஆனால் ஒரு தேர்வுக்கு ஏறக்குறைய நூறு டாலர் கட்டணம்! அதே நாட்டின் மின்னசோட்டா மாநிலம் வேறு வழி கண்டது. 1985இலே சட்டம் இயற்றி, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் கல்லூரிக்கே சென்று பயிலலாம், செலவு அரசினுடையது என்றது. முன்னது கட்டணம் கேட்கும் கதவு. பின்னது சட்டம் திறந்த கதவு. நாம் கேட்பது பின்னதை!

டில்லியிலிருந்தும் ஒரு திட்டம் வந்தது. 2023 ஏப்ரலிலே வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, ஆண்டுக்கு 1,200 மணி நேரக் கற்றலை 40 புள்ளிகளாக எண்ணுகிறது. பள்ளி வகுப்புகளையும் அந்தக் கணக்கிலே சேர்க்கிறது. எண்ணுவது சரி, எண்ணியபின்? பள்ளியிலே சேர்ந்த புள்ளிகள் பட்டப்படிப்பிலிருந்து ஒரு தாளையும் தாமாகக் கழித்துவிடுவதில்லை. தொழிற்கல்விக்கும் அனுபவத்துக்கும் புள்ளி உண்டு என்கிறார்கள். உழைப்பை மதிப்பது நன்று. ஆனால் மூட்டை தூக்குபவர் மகனிடம், "உனக்கு மூட்டைக்கே புள்ளி, புத்தகம் எதற்கு?" என்று சொல்லும் நாள் வந்துவிடக் கூடாது. 1953இலே அரைநாள் பள்ளி, அரைநாள் குலத்தொழில் என்று வந்த திட்டத்தை 1954இலே விரட்டிய நாடு இது. அந்த நினைவு நமக்கு மங்கவில்லை.

நம் தோழர்களிலேயே சிலர் அஞ்சுகின்றனர். "இதுவும் மற்றொரு நுழைவுத் தேர்வாகும், பயிற்சி மையங்கள் கொழுக்கும், பணமுள்ளவன் பிள்ளை புள்ளிகளைக் குவிப்பான்" என்கின்றனர். இந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வை 2006இலே சட்டமியற்றி ஒழித்த மாநிலத்தின் தலையிலே, பின்னர் நீட் ஏறி அமர்ந்ததைக் கண்டவர்கள் நாம். ஆகவேதான் நிபந்தனைகளோடு கேட்கிறோம்.

இடம் தருவதற்கு இந்தப் புள்ளியைக் கணக்கிடக் கூடாது. இடம் கிடைத்த பின் பாடத்தைக் கழிக்கவே பயன்பட வேண்டும். ஒரு காசு கட்டணம் கூடாது. பாடம் தமிழிலும் இருக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவருக்கே முதலில் வாய்ப்பு வேண்டும். தேறாதவர் ஏட்டிலே அந்தத் தோல்வி பதியக் கூடாது. ஓரிடத்திலே ஈட்டிய புள்ளியை மாநிலத்தின் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்றே தீரவேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும்.

எங்கே கற்பிப்பது என்பீரோ? பிரகாசம் சாலையிலே 1964இலே தொடங்கிய பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. வியாசர்பாடியிலே அம்பேத்கர் பெயரால் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையிலே, 1920இல் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளித்த தியாகராயர் பெயரைத் தாங்கிய கல்லூரி இருக்கிறது. சனிக்கிழமைகளில் அவற்றின் வகுப்பறைகள் நம் பிள்ளைகளுக்குத் திறக்கட்டும்! கற்பிக்கும் பேராசிரியருக்கு உரிய ஊதியத்தை அரசு வழங்கட்டும்!

2022இலே புதுமைப் பெண், 2024இலே தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் கொடுத்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அழைக்கிறது தமிழக அரசு. போற்றுகிறோம். அழைத்து வந்த பிள்ளையை, கற்றதையே மீண்டும் கற்கச் சொல்லி முதலாண்டிலே சலிப்படையச் செய்யலாமா? கல்லூரியின் கதவைப் பள்ளி நாட்களிலேயே கண்டுவிட்ட பிள்ளைக்கு அந்தக் கதவிடம் அச்சம் இராது. பட்டதாரியைக் கண்டறியாத வீட்டிலே அந்த அச்சம்தானே முதற்பகை!

யானைக்கவுனிப் பாலம் பழுதென்று மூடப்பட்டு, இடிக்கப்பட்டு, மீண்டும் கட்டப்படும்வரை, இரு கரையாரும் ஆண்டுக்கணக்கிலே சுற்றிச் சுற்றி நடந்தோம். கண்ணெதிரே இருந்த இடத்துக்கு ஊரைச் சுற்றிப் போனோம். அந்த அலுப்பு எங்கள் கால்களுக்குத் தெரியும். பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே எங்கள் பிள்ளைகள் இன்னும் அப்படித்தான் சுற்றுகின்றனர்.

சுற்றியது போதும். மதில் எழுப்பியவரைப் பற்றிக் கவலையில்லை. சாவி வைத்திருப்போரைக் கேட்கிறோம்: கவுனியைத் திறவுங்கள்!