வண்ணத் தாள் வாசிப்பைச் சீராக்குமா?

வாசிப்பில் இடர்ப்படும் குழந்தையுடன் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் பெற்றோர் சிலர், மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு நிறங்களில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கின்றனர். "இதைப் பக்கத்தின்மேல் வைத்துப் படித்தால் எழுத்து ஆடுவதில்லை என்கிறாள், டாக்டர். இதே நிறத்தில் கண்ணாடி செய்து போட்டுவிடலாமா?" என்று கேட்கின்றனர். வேண்டாம் என்பதே எங்கள் விடை. ஆயினும் ஒரு சொல்லில் விடைகூறி அனுப்பிவிடுவது முறையன்று. அந்தத் தாளை வாங்கிய பெற்றோர் ஏமாளிகள் அல்லர். குழந்தை படும் பாட்டைக் கண்டு, கைக்கு எட்டியதைப் பற்றிக்கொண்டவர்கள்.

இக்கருத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பழையது. வெள்ளைத் தாளுக்கும் கறுப்பெழுத்துக்கும் இடையிலான ஒளிமாறுபாடு சிலருடைய வாசிப்பைக் குலைக்கிறது என்று நியூசிலாந்து ஆசிரியை ஆலிவ் மியர்ஸ் 1980இல் எழுதினார். 1983இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த உளவியலாளர் ஹெலன் இர்லென், அவரவர்க்கு ஏற்ற நிறத்தின் வழியே பார்த்தால் இக்குறை நீங்கும் என்று அறிவித்தார். பின்னர் அவருடைய பெயராலேயே ஒரு நோய்க்குறி வழங்கலாயிற்று. அதைக் கண்டறியத் தனிப் பரிசோதகர்களும், அதற்கெனத் தாள்களும் கண்ணாடிகளும் தோன்றின.

சோதித்துப் பார்த்தபோது நிகழ்ந்தது வேறு. ஸ்காட்லாந்தில் வாசிப்பில் பின்தங்கிய 61 குழந்தைகளை அம்முறையில் பயிற்சி பெற்ற பரிசோதகர் ஒருவரே ஆராய்ந்து, அவர்களுள் 77 விழுக்காட்டினருக்கு அந்நோய்க்குறி இருப்பதாகக் கூறினார். பிறகு ஒவ்வொரு குழந்தையும் தனக்கெனப் பரிந்துரைக்கப்பட்ட நிறத்தாள், வேறொரு நிறத்தாள், நிறமற்ற தாள் ஆகியவற்றின் வழியே படித்தது. வாசிப்பில் பயன்தரும் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. 2011இல் வெளியான இவ்வாய்வைத் தொடர்ந்து, ஓராண்டு கழித்தும் அக்குழந்தைகளைச் சோதித்தனர்; முடிவு மாறவில்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகமும் கண் மருத்துவக் கழகமும் 2009ஆம் ஆண்டின் கூட்டறிக்கையில், வண்ணத் தாளுக்கும் வண்ணக் கண்ணாடிக்கும் போதிய சான்று இல்லை என்றே கூறின.

பயன் உண்டு என்று காட்டும் ஆய்வுகளும் உள்ளன. அவற்றுள் பலவற்றில் பயன்பட்ட தேர்வு, குழந்தைக்கு நன்கு தெரிந்த பதினைந்து எளிய சொற்களை முன்பின்னாக மாற்றி மாற்றி அடுக்கி, ஒரு நிமிடத்தில் எத்தனை படிக்கிறது என்று எண்ணுவதாகும். தெரிந்த சொல்லைச் சற்று விரைவாகச் சொல்வது வேறு. தெரியாத சொல்லை எழுத்துக்கூட்டி அறிவது வேறு. டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தை தடுக்கி விழுவது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

ஏனெனில் அக்குறைபாட்டின் வேர் பெரும்பாலும் கண்ணில் இல்லை; ஒலியைப் பிரித்தறிவதிலும், அதை எழுத்தோடு இணைப்பதிலும் உள்ளது. 'பால்' என்ற சொல்லின் முதலொலியை நீக்கி 'க்' என்ற ஒலியை வைத்தால் என்ன சொல் வரும் என்று கேட்டுப் பாருங்கள். ஒத்த வயதுப் பிள்ளைகள் 'கால்' என்று உடனே கூற, இக்குழந்தை திகைத்து நிற்கக்கூடும். இக்கேள்வியில் தாளும் இல்லை, எழுத்தும் இல்லை, நிறமும் இல்லை. தமிழ் எழுத்திலும் இத்தகைய குழந்தைக்கு இடறும் இடங்கள் பல. 'கல்', 'மகன்', 'தங்கம்' ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலியோ மூன்று. 'கெ' என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது, அதன் ஒலியோ பின்னே வருகிறது. இவற்றை ஒவ்வொன்றாக, வெளிப்படையாக, பலமுறை திரும்பத் திரும்பக் கற்பிக்கும் ஆசிரியரே இங்கு மருந்து. அது மெதுவான மருந்து என்பதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை.

கண்ணைச் சோதிக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்தன்று. எழுத்து ஆடுகிறது, இரண்டாகத் தெரிகிறது, தலை வலிக்கிறது என்று குழந்தை கூறினால் அதை நம்புங்கள். பார்வைக் குறைவு, அண்மையில் உள்ளதைப் பார்க்கையில் இரு கண்களும் சேர்ந்து குவியாமை, ஒற்றைத் தலைவலி ஆகியவை உண்மையான காரணங்கள். அவற்றுக்கு உரிய சிகிச்சையும் உண்டு. ஆனால் 5,800க்கும் மேற்பட்ட பிரிட்டன் குழந்தைகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், கடும் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களில் ஐவரில் நால்வருக்குக் கண் சோதனைகளில் குறை ஏதும் இல்லை.

தாள் மலிவுதானே, வைத்துப் பார்த்தால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு தாளில் இல்லை. இரண்டாம் வகுப்பில் தாளை நம்பிக் காத்திருந்து, நான்காம் வகுப்பில் எங்களிடம் வரும் குழந்தை, அதற்குள் தன்னை மக்கு என்று முடிவுகட்டியிருக்கிறது. அந்த ஈராண்டுகள்தாம் விலை. குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ளது. சான்றிதழ் பெற்ற மாணவர்க்குத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. அதற்கு முறையான மதிப்பீடு வேண்டும். நிறத்தாள் அதற்கு ஈடாகாது.

ஏற்கெனவே தாளை வைத்துப் படிக்கும் குழந்தையிடமிருந்து அதைப் பறிக்க வேண்டியதில்லை. அது தரும் மன ஆறுதலும் ஒரு பொருட்டே. கண்ணாடிக்குப் பணம் கட்டுமுன் மட்டும் வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒருநாள் அது விரும்பும் நிறம், மறுநாள் விரும்பாத நிறம், அதற்கடுத்த நாள் வெறுந்தாள். ஒவ்வொரு நாளும் ஒரே அளவுள்ள, முன்பு படித்திராத பத்தி. (ஒரே பத்தியை மீண்டும் படித்தால், தாள் இல்லாமலும் விரைவாகத்தான் வரும்.) ஆன நேரத்தையும் பிழைகளையும் இரண்டு வாரம் குறித்துவையுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தக் குறிப்பேட்டையும் தாள்களுடன் எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.