நாடாவின் கடைசியில்

மழை விட்டிருந்த செவ்வாய் மாலை, கொச்சி சுள்ளிக்கல்லில் எங்கள் மாடி வீட்டுப் பையன் ஹெட்போனோடு இறங்கி வந்தான். "கேட்டு நோக்கு அங்கிளே, நிங்களுடெ ஆளுகளாணு" என்று காதில் மாட்டிவிட்டான். சிங்கப்பூர் ருத்ராவின் 'எய்ட் மகாவித்யாஸ்'. 2022இல் வந்த ஆல்பம். என் காதுக்கு இந்த வாரம்தான் வந்து சேர்ந்தது. 1992இல் தொடங்கிய குழு. கதிர் பாஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே உறுமுகிறார். வேதாந்தத்தை டெத் மெட்டலில் ஏற்றுவதுதான் இவர்கள் இத்தனை ஆண்டும் செய்துவரும் வேலை. 'பிரம்மவித்யா' என்ற தலைப்பில் மட்டும் 2005, 2009, 2011 என மூன்று ஆல்பங்கள். சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

"இது ஓல்ட் ஸ்கூல் வேர்" என்றான் பையன். வேர் எது என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. ஒரு வேர் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில், மோரிசவுண்ட் ஸ்டுடியோவில். மார்பிட் ஏஞ்சலின் முதல் ஆல்பமும் ஒபிச்சுவரியின் முதல் ஆல்பமும் 1989இல் அங்கிருந்துதான் வந்தன. இன்னொன்று ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோ. என்டூம்ட் பையன்கள் 1990இல் வெளிவந்த 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பத்தைப் பதிந்தபோது, ஜப்பானிய பாஸ் கம்பெனியின் ஹெச்எம்-2 கிட்டார் பெடலில் நாலு குமிழையும் கடைசிவரை திருகிவிட்டார்கள். மரமில்லில் தேக்கு அறுபடுகிற சத்தம் கிடைத்தது. உலகம் முழுக்க இன்றும் பிள்ளைகள் அந்தக் குமிழ்களைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு அவன் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 1984இல், பதினேழு வயது சக் ஷுல்டினர் 'மாண்டாஸ்' என்ற பெயரில் நண்பர்களோடு ஒரு டெமோ கேசட் பதிந்தார். அந்தக் குழுதான் பிறகு 'டெத்' ஆனது. 2001இல் ஷுல்டினர் இறந்துபோனார். 2012இல் ரிலாப்ஸ் நிறுவனம் அந்த டெமோவைத் தேடியெடுத்து வெளியிட்டது. பிசிறும் இரைச்சலுமான பள்ளிக்கூடப் பையன்களின் கேசட்! யார் வாசித்தார்கள், எந்த வருஷம் என்பதெல்லாம் என் மாடி வீட்டுப் பையனுக்கு மனப்பாடம்.

இப்படிப் பாதுகாத்திருக்க வேண்டிய ஒருவராக நமக்கு மெஹபூப் இருந்தார். மட்டாஞ்சேரியின் மெஹபூப் பாய். 1954இல் 'நீலக்குயில்' படத்தில் கே. ராகவன் இசையில் பாடியவர். 1961இல், மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு'வில் இசையமைப்பாளர் பாபுராஜ் அவரைப் பாடவைத்தார். ஆனால் அவரைக் கேட்க வேண்டிய இடம் சினிமாக் கொட்டகை அல்ல, கொச்சியின் கல்யாண வீடு. பந்தலில் ஆர்மோனியமும் தபலாவும் வைத்து, விடிய விடிய கஜலும் இந்திப் பாட்டும் இந்த ஊரின் சொந்தப் பாட்டுகளும் பாடுவார். 1981இல் போய்விட்டார். எத்தனை ராத்திரிகள் பாடியிருப்பார்! நாடாவில் ஏறியவை எத்தனை? சினிமாப் பாட்டுகள் ஒரு கைப்பிடி தேறும். பந்தல் பாட்டெல்லாம் கேட்டவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

என் பங்கும் அதில் உண்டு. 1976இல், என் சித்தப்பாவின் நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் பாய் பாடியதை யாரோ டேப் ரிக்கார்டரில் பிடித்திருந்தார்கள். அந்தக் கேசட் என்னிடம் வந்தது. தொண்ணூறுகளில் ஒரு கடையில் நகலெடுக்கக் கொடுத்தேன். அவர்கள் அதன் மேலேயே புதுப் படப் பாட்டுகளைப் பதிந்து, அதே கேசட்டைத் திருப்பித் தந்தார்கள். அன்று வீட்டுக்கு நடந்து வந்த வழி முழுக்க அழுதேன். அதன் பிறகு அந்தக் கேசட்டை நான் போடவே இல்லை.

புதன்கிழமை அதை எடுத்துப் பையனிடம் கொடுத்தேன். கொடுக்கவேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். மறுநாள் இரவு கதவைத் தட்டினான். இரண்டாம் பக்கத்தில் படப் பாட்டுகள் நாடா முடிவதற்குள்ளேயே நின்றுவிட்டனவாம். கடைசி நாற்பது விநாடியை யாரும் தொடவில்லை. போட்டுக் காட்டினான். ஆர்மோனியம் இழுத்துக்கொண்டிருக்கிறது. யாரோ இருமுகிறார். ஒரு குழந்தை எதற்கோ கூப்பிடுகிறது. பாய் ஒரு வரியின் வாலை மட்டும் பாடி முடிக்கிறார். தபலா இரண்டு தட்டு. நாடா தீர்ந்துவிடுகிறது.

நான் பேசவில்லை. பையன் அதைக் கணினியில் ஏற்றி, 'மெஹபூப், மட்டாஞ்சேரி, 1976' என்று பெயரிட்டிருந்தான். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்: "எந்த வீடு அங்கிளே? எந்த மாசம்? தபலா ஆரா?"

மாசம் எனக்கு நினைவிருந்தது. வீடு எதுவென்றும் சொல்லிவிட்டேன். தபலா யாரென்று தெரிந்த ஒரே ஆள் பள்ளுருத்தியில், மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போகிறோம்.