வாசிக்காமல் புள்ளியிடலாமா?

உயர்தரம் படிக்கும் எங்களுக்கு இஸட் புள்ளியும் வெட்டுப்புள்ளியும் அன்றாடப் பேச்சாகிவிட்டன. பல்கலைக்கழகம் போனதும் இந்தத் தொல்லை தீரும் என்று நினைக்கிறோம். ஆனால் அங்குள்ள ஆய்வாளர்களையும் எண்கள் விட்டுவைப்பதில்லை.

ஓர் ஆய்வுக் கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணுகிறார்கள். 2005இல் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 'எச் சுட்டி'யை முன்வைத்தார். ஒருவருடைய பத்துக் கட்டுரைகள் தலா பத்துத் தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவரது சுட்டி 10. மூன்றே கட்டுரைகள் எழுதியவர் உலகையே மாற்றினாலும் அவரது சுட்டி 3ஐத் தாண்டாது.

மேற்கோள்களை எண்ணுவது வீண் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஆய்வு மற்றவர்களுக்கு உதவியதா என்பதற்கு அது ஒரு சான்று. ஆனால் கணினித்துறையின் பெரிய மாற்றங்கள் எல்லாம் கட்டுரையாக வருவதில்லை. டிம் பேர்னர்ஸ் லீ உலகளாவிய வலையைப் பற்றி எழுதிய கட்டுரையை 1991இல் அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாடு ஏற்கவில்லை. செய்துகாட்ட மட்டுமே இடம் கொடுத்தது. அதே ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் லினக்ஸை வெளியிட்டதும் மென்பொருளாகத்தான்.

இக்குறையை நிரப்பவே 2010 அளவில் மாற்று அளவீடுகள் பேசப்பட்டன. பதிவிறக்கம், செய்திகள், சமூக ஊடகப் பகிர்வு என்பவற்றையும் எண்ணுவது இம்முறை. மேற்கோள் சேர ஆண்டுகள் எடுக்கும். இவை சில நாட்களிலேயே தெரியும். எனினும் கேலி செய்து பகிர்ந்தாலும் இந்த எண் கூடத்தான் செய்யும். பரபரப்பு வேறு, பெறுமதி வேறு.

எங்கள் விடைத்தாளையாவது ஒருவர் வாசித்த பிறகே புள்ளியிடுகிறார். ஓர் ஆய்வை வாசிக்காமல், எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எவ்வகையில் நியாயம்? ஆய்வின் உள்ளடக்கத்தைப் பார்த்தே மதிப்பிட வேண்டும் என 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனமும் வலியுறுத்துகிறது.

சகோதரிகளே, நாளை எம்மில் சிலர் ஆய்வாளர்களாவோம். திரையிலுள்ள தமிழை வாசித்துக்காட்டும் மென்பொருளை ஒருத்தி ஆராய்ந்தால், அவளுக்கு மேற்கோள்கள் அதிகம் கிடைக்காமல் போகலாம். ஆனால் பார்வையற்ற ஒரு பிள்ளை அதன் உதவியால் தன் பாடத்தைத் தானே படிக்கும். எண்ணை மட்டும் துரத்தினால் அந்த ஆய்வை யார் செய்வார்?