துவரம்பருப்பு ஏன் முளைக்கவில்லை?

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தொடக்கநிலை 3இல்தான் அறிவியல் தனிப் பாடமாகத் தொடங்குகிறது. விதை முளைக்க என்னென்ன தேவை என்று அந்த வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால், “நீர், காற்று, வெப்பம்” என்று மூச்சுவிடாமல் விடை வரும். “வெளிச்சம் வேண்டாமா?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை தயங்கும். விடை மனப்பாடமாகிவிட்டது, விதையோடுதான் பழக்கம் இல்லை.

பாலர் பள்ளிகளில் ஈரப்பஞ்சில் பச்சைப்பயறு முளைக்க வைக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். வைக்கிறார்கள். ஆனால் நல்ல பயறாகத் தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர். அளவாக நீர் தெளிப்பவரும் அவரே. எல்லாக் கிண்ணங்களும் ஒன்றுபோல் முளைக்கின்றன. படம் எடுத்துப் பெற்றோருக்கு அனுப்பியதும் சோதனை முடிந்துவிடுகிறது. எதுவும் கெட்டுப்போகாத சோதனையில் பிள்ளை எதைப் பற்றிக் கேள்வி கேட்கும்? இதுதான் என் குறை.

பயற்றோடு துவரம்பருப்பையும் போட்டுப் பார்க்கட்டும் என்கிறேன். இதற்காக விலை உயர்ந்த அறிவியல் பெட்டி எதையும் வாங்க வேண்டியதில்லை. பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, வெந்தயம், கொத்தமல்லி, துவரம்பருப்பு எல்லாம் தேக்கா வட்டார மளிகைக் கடைகளில் கிடைக்கும். பெரும்பாலும் நம் சமையலறை டப்பாக்களிலேயே இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை போதும். நம் ஊர் வெப்பத்தில் ஊறவைத்த பயறு ஓரிரு நாளில் வெள்ளை முளை காட்டும். வெந்தயமும் விரைவில் முளைத்துவிடும். துவரம்பருப்போ குழைந்து நாற்றமெடுக்கும்.

“ஏன் இது மட்டும் முளைக்கவில்லை?” என்று ஐந்து வயதுப் பிள்ளை கேட்கும்போது உடனே விடை சொல்லிவிடாதீர்கள். ஊறிய கொண்டைக்கடலை ஒன்றைக் கையில் கொடுத்து, தோலை உரித்து, மெல்ல இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மூக்குப் போன்ற முனையில் சின்னஞ்சிறு வால்போல ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் முளைக்கரு. இருபுறமும் உள்ள பருப்புகள் அதற்காகச் சேர்த்துவைத்த உணவு. ஆலையில் துவரையை உடைத்துப் பருப்பாக்கும்போது இந்தக் கரு சிதைந்து உதிர்ந்துவிடுகிறது.

உடைத்தால் முளைக்காது என்று பிள்ளை முடிவுக்கு வந்ததும் கொத்தமல்லியை எடுங்கள். அதைத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைப்பது நம் பாட்டிமார் வழக்கம். உடைத்தும் அது முளைக்கும்! நாம் கொத்தமல்லி விதை என்று சொல்வது உண்மையில் ஒரு சிறு கனி. அதனுள் இரண்டு விதைகள் இருக்கின்றன. முந்திய முடிவைப் பிள்ளை திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அறிவியலாளர்கள் அன்றாடம் செய்யும் வேலையும் இதுதான்.

வெளிச்சத்தைப் பற்றிய கேள்விக்கு விடை நம் மரபிலேயே இருக்கிறது. மதுரை வட்டாரக் கிராமங்களில் அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்ப்பார்கள். தானியங்களை விதைத்து இருட்டறையில் வைத்து, நீர் மட்டும் தெளித்து வருவார்கள். முளைகள் வெளிர்மஞ்சள் நிறத்தில் நெடுநெடுவென்று வளரும். ஒளியைத் தேடி, விதையில் உள்ள உணவையெல்லாம் உயரமாவதற்கே செலவிடுகின்றன. முளைக்க ஒளி தேவைப்படவில்லை, பச்சையாவதற்குத்தான் தேவை. ஒரு கிண்ணத்தை அலமாரிக்குள்ளும் இன்னொன்றைச் சன்னலோரத்திலும் வைத்தால் சில நாள்களில் இது தெரிந்துவிடும். வெப்பத்தைச் சோதிப்பதுதான் சற்றுக் கடினம். நிலநடுக்கோட்டை ஒட்டிய இத்தீவில் குளிருக்கு எங்கே போவது? குளிர்சாதனப் பெட்டியில் ஓர் ஓரத்தை அம்மாவிடம் கேட்டு வாங்க வேண்டும்.

தாவரவியல் பூங்காவில் 2007இல் திறக்கப்பட்ட ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டம் அருமையான இடம். சிறுவரோடு வந்தால்தான் பெரியவர்களுக்கே அங்கு அனுமதி. தேசியப் பூங்காக் கழகம் 2020இல் குடும்பங்களுக்குக் காய்கறி விதைகளை இலவசமாக வழங்கியதும் நல்ல முயற்சி. ஆயினும் சுற்றுலா ஒரே நாளில் முடிந்துவிடும். சன்னலோரக் கிண்ணத்தை நாள்தோறும் எட்டிப் பார்க்கலாம்.

வீவக வீட்டில் இடமில்லை என்பார்கள். தயிர்க் கிண்ணம் வைக்கும் இடம் போதும். டெங்கிக் கொசு பற்றிய அச்சம் நியாயமானது. பஞ்சு ஈரமாக இருந்தால் போதும், நீர் தேங்கக்கூடாது. கங்கோங் கீரைத் தண்டைக் குவளை நீரில் வைத்து வேர்விடச் செய்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் நீரை மாற்ற வேண்டும். நேரமில்லை என்ற காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. துணைப்பாட வகுப்புக்குச் சென்றுவரும் நேரத்தில் பத்துக் கிண்ணங்களைக் கவனித்துவிடலாம்.

உயர்நிலைப்பள்ளி மாணவர்களான உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், இந்த வார இறுதியில் தொடங்குங்கள். கிண்ணங்களில் பெயர் எழுதி ஒட்டும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். எது முதலில் முளைக்கும் என்று அவர்களையே முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். துவரம்பருப்புக் கிண்ணத்தை அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள். வாடை தாங்கவில்லை என்றால் மூடி போட்டுக்கொள்ளலாம்.